ஒரு மெயில் போதும்: டெபியனில் பிழையைப் பதிவு செய்வது எப்படி

மென்பொருளில் ஒரு பிழையைக் கண்டால் அதைச் செய்தவர்களிடம் சொல்லிவிட வேண்டும் என்று பலருக்கும் தோன்றும். சொல்லப் போனால், ஏதோ ஒரு தளத்தில் கணக்குத் தொடங்கு, கடவுச்சொல் வை, படிவத்தை நிரப்பு என்று வேலை நீண்டுகொண்டே போகும். பாதியில் விட்டுவிடுவோம். பிழையும் அங்கேயே இருக்கும்.

டெபியன் லினக்ஸில் இந்தத் தொல்லை கிடையாது. மெயில் அனுப்பத் தெரிந்த எவரும் அங்கே பிழையைப் பதிவு செய்யலாம், அதைப் பற்றிப் பேசலாம், தீர்ந்துவிட்டால் மூடவும் செய்யலாம். எல்லாமே மெயிலில்தான். இயன் மர்டாக் 1993 ஆகஸ்டில் டெபியனைத் தொடங்கினார். மறு ஆண்டு, 1994-ல், இயன் ஜாக்சன் இந்தப் பிழைப் பதிவேட்டை எழுதினார். டெப்பக்ஸ் என்று பெயர். அன்று போட்ட அடித்தளத்தின் மேல்தான் அது இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. 2021 நவம்பரில் பிழை எண் பத்து லட்சத்தைத் தொட்டது. ஈமேக்ஸ் எடிட்டர் முதலான குனு திட்ட மென்பொருள்களுக்கும் டெப்பக்ஸையே தனியாக நிறுவி வைத்திருக்கிறார்கள்.

இதைப் பயன்படுத்தக் கற்றுக்கொள்வது கடினமில்லை. ஒன்றை மட்டும் மனத்தில் இருத்திக்கொண்டால் மற்றவை தானாக விளங்கும்: இங்கே நீங்கள் எழுதும் மெயில் ஒருவருக்குப் போகும் தகவல் மட்டுமில்லை, பல ஆண்டுகள் கழித்தும் முன்பின் தெரியாத ஒருவர் எடுத்துப் படிக்கப்போகும் ஆவணமும்கூட.

முகவரியே கட்டளை

டெப்பக்ஸுக்கு இணையப் பக்கம் உண்டு. ஒவ்வொரு பிழைக்கும் ஒரு பக்கம். அது தொடர்பாக வந்த மெயில்கள் எல்லாம் தேதி வரிசையில் அதில் இருக்கும். ஆனால் அது பார்க்க மட்டுமே. எதையும் மாற்றுவதற்கு அங்கே பொத்தான் கிடையாது. மாற்ற வேண்டுமென்றால் மெயில் அனுப்ப வேண்டும்.

எந்த முகவரிக்கு அனுப்புகிறோம் என்பதை வைத்தே என்ன நடக்க வேண்டும் என்பது முடிவாகிறது. தாலுகா ஆபீஸில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கவுன்ட்டர் இருப்பதுபோல, இங்கே ஒவ்வொரு வேலைக்கும் ஒரு முகவரி. முகவரியின் பின்பாதி எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்: பக்ஸ் டாட் டெபியன் டாட் ஆர்க். முன்பாதிதான் மாறும். (கட்டளைச் சொற்களை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன். மெயிலில் அவற்றை ஆங்கில எழுத்திலேயே தட்ட வேண்டும்.)

சப்மிட் — புதிய பிழையைப் பதிவு செய்ய.
பிழை எண் — ஏற்கெனவே பதிவான பிழையில் கூடுதல் தகவல் சேர்க்க.
பிழை எண்ணும் அதையொட்டி ஒரு சிறுகோடும் டன் என்ற சொல்லும் — பிழையை மூட.
கன்ட்ரோல் — தலைப்பு, தீவிரம், பேக்கேஜ் (நிறுவுவதற்காகத் தொகுத்த மென்பொருள்) போன்ற விவரங்களைத் திருத்த.

இந்த நான்கும் தெரிந்தால் அன்றாடத் தேவை முடிந்தது. எண்ணோடு சப்ஸ்கிரைப் என்று சேர்த்து அனுப்பினால் அந்தப் பிழை பற்றிய மெயில்கள் உங்களுக்கும் வரும்.

அனுப்பும் முன்

முதல் வேலை, அந்தப் பிழையை வேறு யாராவது ஏற்கெனவே சொல்லியிருக்கிறார்களா என்று பார்ப்பது. டெப்பக்ஸின் இணையப் பக்கத்தில் பேக்கேஜின் பெயரைக் கொடுத்தால் அதன் மேல் பதிவான எல்லாப் பிழைகளும் பட்டியலாக வரும். உங்கள் பிழை அதில் இருந்தால் புதிதாக ஒன்றைத் தொடங்க வேண்டாம். அந்த எண்ணுக்கே எழுதி, எனக்கும் இது நேர்கிறது, என் வெர்ஷன் இது, இன்ன சூழ்நிலையில் நேர்கிறது என்று சேர்த்துவிடுங்கள். வெறுமனே எனக்கும் அப்படித்தான் என்று ஒரு வரி எழுதுவதால் பயன் குறைவு. வேறொரு வெர்ஷனில், வேறொரு கணினியில் அது நேர்கிறது என்ற விவரம்தான் பிழையின் வேரைத் தேடுபவருக்குத் துப்பு.

அடுத்தது, எந்தப் பேக்கேஜ் என்று உறுதி செய்வது. திரையில் தெரியும் பெயரும் பேக்கேஜின் பெயரும் பல நேரம் வேறாக இருக்கும். டிபிகேஜி கட்டளையோடு -எஸ் (பெரிய எழுத்தில்) சேர்த்துக் கோப்பின் பாதையைக் கொடுத்தால், அது எந்தப் பேக்கேஜிலிருந்து வந்தது என்று தெரிந்துவிடும். தவறான பேக்கேஜின் மேல் பதிந்தாலும் குடி மூழ்கிவிடாது, பிறகு மாற்றிக்கொள்ளலாம். ஆனால் சரியான ஆளின் கைக்குப் போய்ச் சேர நாளாகும்.

இந்த வேலைகளை எல்லாம் கையைப் பிடித்துச் செய்விக்க ரிப்போர்ட்பக் என்ற நிரல் இருக்கிறது. அது பேக்கேஜின் பெயரைக் கேட்கும், பழைய பிழைகளைக் காட்டும், உங்கள் கணினியின் கெர்னல் வெர்ஷன், அந்தப் பேக்கேஜ் சார்ந்திருக்கும் மற்ற பேக்கேஜ்களின் வெர்ஷன்கள், மொழி அமைப்பு ஆகியவற்றைத் தானே திரட்டி மெயிலின் கீழே சேர்க்கும். அனுப்பும் முன் முழு மெயிலையும் காட்டும். முதல்முறை எழுதுகிறவர்கள் இதிலிருந்து தொடங்குவதே நல்லது. அந்தப் பேக்கேஜைக் கவனித்துக்கொள்ளும் பராமரிப்பாளர் திரும்பக் கேட்கக்கூடிய கேள்விகளில் பாதிக்கு அதிலேயே பதில் போய்விடும்.

கடிதத்தின் உருவம்

ரிப்போர்ட்பக் இல்லாமல் கையாலேயே எழுதுவது எப்படி என்று பார்ப்போம். ‘ஏடு’ என்று ஓர் எடிட்டர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதில் தமிழில் தட்டினால் திரையில் எல்லாம் சரியாக இருக்கிறது. பிடிஎஃப் ஆக்கினால் மட்டும் ‘கெ’ என்ற எழுத்தில் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் விழுகிறது. இதற்கு எழுதும் மெயில் இப்படி இருக்கும்:

முகவரி: சப்மிட்
தலைப்பு: ஏடு: பிடிஎஃப் ஆக்கும்போது தமிழ் ஒற்றைக்கொம்பு இடம் மாறுகிறது

பேக்கேஜ்: ஏடு
வெர்ஷன்: 2.4.1-1
சிவியாரிட்டி: இம்பார்ட்டன்ட்

1. புதிய கோப்பைத் திறந்து ‘கெண்டை’ என்று தட்டினேன்.
2. திரையில் சரியாகத் தெரிந்தது.
3. பிடிஎஃப் ஆகச் சேமித்தேன்.
4. பிடிஎஃப்பில் கொம்பு ககரத்துக்கு வலப்பக்கம் வந்தது.
எதிர்பார்த்தது: கொம்பு ககரத்துக்கு இடப்பக்கம் இருக்க வேண்டும்.
இரண்டு தமிழ் எழுத்துருக்களில் சோதித்தேன். இரண்டிலும் இதே பிழை. இதே கோப்பை வேறொரு எடிட்டரில் பிடிஎஃப் ஆக்கினால் சரியாக வருகிறது.

மெயிலின் உடலில் முதலில் வரும் மூன்று வரிகள் மனிதருக்கில்லை, நிரலுக்கு. பேக்கேஜ் என்ற வரியை வைத்துத்தான் மெயில் யாருக்குப் போக வேண்டும் என்று டெப்பக்ஸ் தீர்மானிக்கிறது. அவை முடிந்ததும் ஒரு வரி வெற்றாக விட வேண்டும். அதற்குக் கீழே இருப்பது மனிதருக்கு.

அந்தக் கீழ்ப்பகுதியைக் கவனித்துப் பாருங்கள். ‘தமிழ் சரியாக வரவில்லை’ என்று மொட்டையாக எழுதியிருந்தால் பராமரிப்பாளருக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது. அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாமல் இருக்கலாம். கொம்பு எந்தப் பக்கம் வர வேண்டும், எந்தப் பக்கம் வந்தது என்று எழுதியதால், தமிழ் தெரியாதவரும் பிழையைக் கண்ணால் காண முடியும். இரண்டு எழுத்துருக்களில் சோதித்ததால் குற்றம் எழுத்துருவின் மேல் இல்லை என்பது தெரிகிறது. வேறு எடிட்டரில் சரியாக வருவதால் சந்தேகம் ஏட்டின் பிடிஎஃப் ஆக்கும் பகுதிக்குக் குறுகிவிடுகிறது. செய்தது என்ன, நடந்தது என்ன, நடந்திருக்க வேண்டியது என்ன என்ற மூன்றும் ஒரு பிழை அறிக்கையின் உயிர்நாடி.

டெபியன் பிழைகளை ஆங்கிலத்தில் எழுதுவதுதான் வழக்கம். பண்டித ஆங்கிலம் தேவையில்லை. மேலே உள்ளதுபோல ஒரு செயலுக்கு ஒரு வரி எழுதத் தெரிந்தால் போதும். மெயிலை அலங்காரம் எதுவுமில்லாத வெறும் உரையாக அனுப்புங்கள். ஒரு மெயிலில் ஒரு பிழை மட்டும் எழுதுங்கள். மூன்றைச் சேர்த்து எழுதினால், இரண்டு தீர்ந்து ஒன்று தீராதபோது அந்த எண்ணை மூடவும் முடியாது, திறந்து வைக்கவும் முடியாது.

எவ்வளவு தீவிரம்?

சிவியாரிட்டி வரியில் ஏழு நிலைகள் உண்டு: கிரிட்டிகல், கிரேவ், சீரியஸ், இம்பார்ட்டன்ட், நார்மல், மைனர், விஷ்லிஸ்ட். ஒன்றும் குறிப்பிடாவிட்டால் நார்மல் என்று எடுத்துக்கொள்ளப்படும்.

கிரிட்டிகல் என்றால், இந்தப் பேக்கேஜை நிறுவியதால் தொடர்பில்லாத மற்ற மென்பொருளோ முழுக் கணினியோ கெடுகிறது, அல்லது தரவு பெரிய அளவில் அழிகிறது என்று பொருள். கிரேவ் என்றால் அந்தப் பேக்கேஜைப் பயன்படுத்தவே முடியவில்லை அல்லது பயன்படுத்துகிறவரின் தரவு அழிகிறது. இந்த இரண்டுமே பாதுகாப்பு ஓட்டைகளுக்கும் பொருந்தும். சீரியஸ் என்பது டெபியனின் விதிமுறையைக் கடுமையாக மீறும் பிழைகளுக்கு. பெரிய இடைஞ்சல்தான், ஆனாலும் எல்லோருக்கும் பயனற்றுப் போகவில்லை என்றால் இம்பார்ட்டன்ட். புதிய வசதி வேண்டுமென்றால் விஷ்லிஸ்ட்.

மேல் மூன்று நிலைகளுக்கும் தனி எடை உண்டு. அப்படிப்பட்ட புதிய பிழை இருந்தால், அந்த வெர்ஷன், புதியவை முதலில் வந்துசேரும் அன்ஸ்டேபிள் கிளையிலிருந்து அடுத்த வெளியீட்டுக்குத் தயாராகும் டெஸ்டிங் கிளைக்குப் போகாமல் நின்றுவிடும். நீண்ட நாள் தீராவிட்டால் பேக்கேஜே டெஸ்டிங்கிலிருந்து நீக்கப்படலாம். அதனால் சீக்கிரம் கவனிக்கட்டும் என்பதற்காக நிலையை ஏற்றிப் போடாதீர்கள். அந்த நிலையை நம்பி நூற்றுக்கணக்கானோரின் வேலை ஓடுகிறது. பராமரிப்பாளர் நிலையைக் குறைத்தால் அவரோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். உங்களிடம் புதிய காரணம் இருந்தால் அதை எழுதுங்கள்.

எண் வந்த பிறகு

அனுப்பியதும் டெப்பக்ஸிலிருந்து ஒப்புகை மெயில் வரும். அதில் உங்கள் பிழையின் எண் இருக்கும். இனி அந்தப் பிழை பற்றி எது எழுதினாலும் அந்த எண்ணின் முகவரிக்கே எழுத வேண்டும். சப்மிட்டுக்கு மறுபடி எழுதினால் இன்னொரு புதிய பிழை பிறந்துவிடும்.

பராமரிப்பாளர் கேள்வி கேட்டால் எல்லோருக்கும் பதில் என்ற வழியில் அனுப்புங்கள். அவருக்கு மட்டும் தனியாக எழுதினால் உங்கள் பதில் பதிவேட்டில் ஏறாது. நாளை அவர் வேறு வேலைக்குப் போய்விட்டால் அவரோடு அதுவும் போய்விடும்.

பிழைக்கு டேக் என்னும் அடையாளங்களும் இடுவார்கள். மோர்இன்ஃபோ என்றிருந்தால் உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கிறார்கள் என்று பொருள். அன்ரீப்ரொட்யூசிபிள் என்றால் அவர்கள் கணினியில் அந்தப் பிழை வரவில்லை. அப்ஸ்ட்ரீம் என்றால் பிழை டெபியன் சேர்த்த பகுதியில் இல்லை, மூல மென்பொருளிலேயே இருக்கிறது. பேட்ச் என்றால் யாரோ தீர்வை எழுதி அனுப்பியிருக்கிறார்கள். நியூகமர் என்ற டேக், புதிதாக வருகிறவர் கைவைக்கத் தோதான பிழை என்பதற்கு அடையாளம்.

திருத்துவது யார்?

கன்ட்ரோல் முகவரிக்கு அனுப்பும் மெயிலில் ஒவ்வொரு வரியும் ஒரு கட்டளை. ரீடைட்டில் என்று தொடங்கி எண்ணும் புதிய தலைப்பும் எழுதினால் தலைப்பு மாறும். ரீஅசைன் என்றால் பிழை வேறு பேக்கேஜுக்குப் போகும். மெர்ஜ் என்று இரண்டு எண்களைக் கொடுத்தால் இரண்டும் ஒன்றாக இணையும். கடைசி வரியில் தேங்க்ஸ் என்று எழுதினால் அதற்கு மேல் படிக்காமல் டெப்பக்ஸ் நிறுத்திக்கொள்ளும். உங்கள் மெயிலின் அடியில் வரும் கையொப்பத்தைக் கட்டளையாக எண்ணிக் குழம்பாது. என்னென்ன செய்தது, எந்த வரி புரியவில்லை என்று பதிலும் அனுப்பும்.

இதில் பலரை வியக்க வைப்பது, கட்டளையிடத் தனி அதிகாரம் ஏதும் தேவையில்லை என்பதுதான். டெபியனில் உறுப்பினராக இல்லாத ஒருவரும் எந்தப் பிழையின் தலைப்பையும் மாற்றலாம், தீவிரத்தை உயர்த்தலாம், மூடலாம். கேட்பதற்கு விபரீதமாக இருக்கலாம். ஆனால் இப்படித்தான் பல ஆண்டுகளாக வேலை நடக்கிறது. காரணம் எளிது: யார் எதை எப்போது மாற்றினார் என்பது அவருடைய மெயிலோடு பதிவில் நிற்கிறது, பராமரிப்பாளருக்கும் உடனே தெரிகிறது, எந்த மாற்றத்தையும் இன்னொரு மெயிலால் திருப்பிவிடலாம். பூட்டுப் போடாமல், எல்லோரும் பார்க்கும் இடத்தில் வைத்துக் காக்கிறார்கள். இதனால் தொண்டு செய்ய விரும்புகிறவர்கள் யாரிடமும் அனுமதி கேட்காமல் பழைய பிழைகளைச் சோதித்து, ஒன்றுபோல் இருப்பவற்றை இணைத்து, ஒழுங்குபடுத்த முடிகிறது.

மூடுவதும் எழுத்தில்தான்

பிழை தீர்ந்தால் டன் முகவரிக்கு மெயில் அனுப்பி மூடுவார்கள். அந்த மெயிலில் ஏன் மூடுகிறோம் என்ற விளக்கம் இருக்க வேண்டும். அறிக்கை எழுதியவருக்கு அது போய்ச் சேரும். எந்த வெர்ஷனில் தீர்ந்தது என்று முதல் வரியில் வெர்ஷனையும் குறிப்பிடுவார்கள். பராமரிப்பாளர்கள் பெரும்பாலும் இதைக் கையால் செய்வதில்லை. புதிய வெர்ஷனின் மாற்றக் குறிப்பில் குளோசஸ் என்று எழுதி எண்ணைச் சேர்த்தால், பேக்கேஜ் களஞ்சியத்தில் ஏறியதும் பிழை தானாக மூடிக்கொள்ளும்.

வெர்ஷன் குறிப்பிடுவது எதற்கென்றால், டெபியனில் ஒரே பேக்கேஜ் பல கிளைகளில் பல வெர்ஷன்களில் இருக்கும். அன்ஸ்டேபிளில் தீர்ந்த பிழை, ஏற்கெனவே வெளியிட்ட ஸ்டேபிள் கிளையில் இன்னும் இருக்கலாம். எந்த வெர்ஷனில் கண்டது, எந்த வெர்ஷனில் தீர்ந்தது என்ற இரண்டையும் வைத்து, எந்தக் கிளை இன்னும் பாதிக்கப்பட்டிருக்கிறது என்று டெப்பக்ஸ் கணக்கிட்டுச் சொல்லும். மூடிய பிழை 28 நாள் சலனமில்லாமல் இருந்தால் காப்பகத்துக்குப் போகும். அழியாது. யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம்.

பழைய பதிவின் மதிப்பு

அப்படிக் காத்து வைப்பதால் என்ன பயன் என்பதை 363516 என்ற எண் காட்டும். இணையத் தொடர்புகளை மறையாக்கவும் அதற்கான சாவிகளை உருவாக்கவும் பயன்படும் ஓப்பன்எஸ்எஸ்எல் பேக்கேஜின் மேல் 2006 ஏப்ரலில் பதிவான பிழை அது. நினைவகத் தவறுகளைக் கண்டுபிடிக்கும் வால்கிரைண்ட் என்ற கருவி, ஓப்பன்எஸ்எஸ்எல்லின் சீரற்ற எண் உருவாக்கும் பகுதியால் ஏராளமான எச்சரிக்கைகளைக் கொட்டுகிறது என்பதே புகார். நியாயமான புகார்தான். அதைத் தீர்க்கும்போது நீக்கிய வரிகளில் ஒன்று, உண்மையான சீரற்ற தரவைச் சேர்க்கும் வரியாக இருந்துவிட்டது. மிஞ்சியதில் மாறிக்கொண்டிருந்தது புராசஸ் எண் மட்டுமே. அதற்கு வழக்கமான உச்சவரம்பு 32,768. ரகசியமாக இருக்க வேண்டிய சாவிகளை வரிசையாக உருவாக்கியே ஊகித்துவிடலாம் என்ற நிலை.

டெபியன் உருவாக்குநர் லூசியானோ பெல்லோ இதைக் கண்டுபிடித்தார். 2008 மே 13 அன்று டெபியன் பாதுகாப்பு அறிவிப்பு வெளியிட்டது. உலகெங்கும் சாவிகளை மாற்ற வேண்டியதாயிற்று. பழியைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடாமல், எப்படி இது நடந்தது என்று ஆராய முடிந்ததற்கு அந்தப் பதிவும் ஒரு காரணம். யார் எதைக் கேட்டார், என்ன எண்ணி மாற்றினார்கள் என்பது வரிக்கு வரி அங்கே இருந்தது. இன்றும் பாதுகாப்புத் துறையில் பாடம் படிக்கிறவர்கள் அந்தப் பிழையின் பக்கத்தைத் திறந்து பார்க்கிறார்கள். பிழையை மூடும் மெயிலில் காரணத்தை முழுமையாக எழுத வேண்டும் என்று வலியுறுத்துவது இதனால்தான்.

எழுதும்முன் எச்சரிக்கை

பிரச்சினைகளை மறைக்க மாட்டோம், பிழைப் பதிவேட்டை எப்போதும் எல்லோருக்கும் திறந்து வைப்போம் என்று டெபியன் தன் சமூக ஒப்பந்தத்தில் 1997-லேயே உறுதி கொடுத்திருக்கிறது. அந்த உறுதி நீங்கள் எழுதுவதற்கும் பொருந்தும். உங்கள் பெயரும் மெயில் முகவரியும் பக்கத்தில் தெரியும், தேடுபொறிகளுக்கும் கிடைக்கும். தனி முகவரி ஒன்றை இதற்கென வைத்துக்கொள்வது நல்லது. பிழைச் செய்திகளை ஒட்டும்போது அவற்றுக்குள் கடவுச்சொல்லோ, அலுவலகக் கணினிகளின் பெயர்களோ, வாடிக்கையாளர் விவரங்களோ இருக்கின்றனவா என்று வரி வரியாகப் பார்த்து நீக்குங்கள்.

இன்னும் வெளியே தெரியாத பாதுகாப்பு ஓட்டையைக் கண்டால் அதை டெப்பக்ஸில் எழுதாதீர்கள். எழுதிய நொடியில் அது ஊரறிந்த செய்தி. டெபியனின் பாதுகாப்புக் குழுவுக்குத் தனியாக மெயில் அனுப்பினால், தீர்வு தயாராகும்வரை அவர்கள் காத்து வைப்பார்கள்.

எங்கிருந்து தொடங்குவது?

நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. டெபியன் பேக்கேஜ்கள் நிறுவும்போது கேட்கும் கேள்விகளின் மொழிபெயர்ப்புகள்கூட இதே வழியில்தான் போகின்றன: விஷ்லிஸ்ட் நிலையில், எல்10என் (மொழியாக்கம்), பேட்ச் என்ற இரண்டு டேக்குகளோடு, மொழிபெயர்த்த கோப்பை இணைத்து ஒரு மெயில். தமிழ் எழுத்துருக்களும் தனித்தனிப் பேக்கேஜ்களாக டெபியனில் இருக்கின்றன. அவற்றில் ஓர் எழுத்து பிசகினால் அதைக் கண்டு சொல்லத் தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் வேண்டும். கொம்பு இடம் மாறியதை வேறு யாரும் கவனிக்கப் போவதில்லை.

நீங்கள் தினமும் பயன்படுத்தும் ஒரு பேக்கேஜின் பிழைப் பட்டியலைத் திறந்து, பழைய பிழை ஒன்றை எடுத்து, உங்கள் கணினியில் இன்னும் வருகிறதா என்று சோதியுங்கள். வந்தால் உங்கள் வெர்ஷனோடும் செய்த படிகளோடும் அந்த எண்ணுக்கு எழுதுங்கள். வராவிட்டால் அதையும் எழுதுங்கள். எந்த வெர்ஷனில் வரவில்லை என்பதும் பராமரிப்பாளருக்கு வேண்டிய செய்திதான். கால் மணி நேரத்தில் முடியும் இந்த வேலை, தனியாளாகப் பல பேக்கேஜ்களைக் கவனிக்கும் ஒரு தன்னார்வலருக்கு ஒரு மாலைப்பொழுதை மிச்சப்படுத்தும்.